கேரியர் இல்லாத சைக்கிள்கள்

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு தொண்டு அமைப்பு, பெருநகரங்களில் தானமாக வாங்கிய பழைய சைக்கிள்களைக் கொட்டகை போட்டு மலிவாக விற்கிறது. டீக்கடையை ஒட்டிக் காசிம் பாயின் சைக்கிள் கடை. அவரும் பழைய சைக்கிள்களைத்தான் வாசலில் விற்பனைக்கு நிறுத்தியிருக்கிறார். ஆனால் கொட்டகையில் வாங்குகிறவர்கள் ஏன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேரே இவரிடம் வருகிறார்கள்?

பாயிடமே கேட்கிறேன்.

“அங்கன விக்கிறது அம்புட்டும் கியர் வண்டி. கேரியர் கெடையாது. இங்கன யாரு சும்மா ஓட்டுறா? பூ மூட்டை, நூல் கட்டுன்னு எதையாச்சும் ஏத்தணும்ல.”

“அப்ப உங்களுக்கும் வியாபாரம்தானே?”

அவர் தன் வாசல் வரிசையைக் காட்டுகிறார். ஒரு சைக்கிளிலும் கேரியர் இல்லை.

“புதுக் கேரியர்னா காசு கூட, வேணாம்ங்கிறாக. என் வண்டிய வாங்கவும் ஆளு வரல. அதுல இருந்ததத்தான் கழட்டி மாட்டிவிடுறேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே, பூ விவசாயம் செய்கிற ஒரு பெண் கொட்டகையிலிருந்து நீலச் சைக்கிளை உருட்டி வருகிறார்.

“பாய், மல்லிகை மூட்டை நிக்கிற மாதிரி ஒண்ணு மாட்டிக் குடுங்க.”

பாய் வரிசையை ஒருமுறை பார்க்கிறார். பிறகு சுவரோரம் நிற்கும் தன் சொந்தச் சைக்கிளிடம் போய், கேரியரில் இருந்த சாப்பாட்டுத் தூக்கை இறக்கி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்கிறார்.

“உங்களுக்கு வேணாமா?” என்கிறேன்.

“தூக்குதான. ஹேண்டில்ல மாட்டிக்கிருவேன்.”