கிணற்றுக் கரியும் ஒரு நீலப் புள்ளியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தறப்பாள் கொட்டிலில் தொடங்கி முரசுமோட்டையில் கல்வீடு கட்டினேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த இறைப்பு மிசின் ஒன்றை வாங்கி வந்து, கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்து பம்ப் வேலையைத் தனியாகப் பழகினேன். வெயிலைக் கொண்டு தண்ணீர் இறைக்கலாம் என்று நான் சொன்னபோது பரந்தன் தேத்தண்ணிக் கடையில் சிரித்தவர்களின் தோட்டங்களில் இன்று நான் விற்ற சோலார் பம்புகள் ஓடுகின்றன. இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஓடித் தேய்த்துவிட்டு இப்போது மூன்றாவதில் திரிகிறேன். இவற்றை எவரும் மறுக்கவில்லை. இந்தப் பக்கத்துக் கிணறுகளை அளந்தவன் நான் என்பதைத்தான் மறுக்கிறார்கள்.

கோடையில் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்று தெரியாமல் பம்பை இறக்கினால் அது வெறுங்காற்றை இழுத்து எரிந்துபோகும். ஆனால் கிணற்றுக்காரரைக் கேட்டு அதை அறிய முடியாது. காணியும் கிணறும் மகளுக்குச் சீதனம். வற்றும் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? ஆகையால் நான் ஆளைக் கேட்பதில்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் இறங்க இறங்க மண்ணெண்ணெய் மிசினையும் உள்ளே பலகை போட்டு இறக்குவார்கள். மேலே நின்றபடி ஓரளவு ஆழத்துக்குக் கீழே உள்ள தண்ணீரை அது இழுக்காது. அதன் புகை உட்சுவரில் கரியாகப் படிந்திருக்கும். ஆகக் கீழே உள்ள கரியைக் கண்டால் கோடைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று நான் சொல்லிவிடுவேன். இதை எனக்கு எந்தக் கம்பனியும் படிப்பிக்கவில்லை.

வட்டக்கச்சியில் ஒருவர், தன் கிணறு ஒருநாளும் வற்றியதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் கரியைக் காட்டினேன்.

“அது அப்பற்ற காலத்துக் கரி, அண்ணை.”

“பலகை புதுசாக் கிடக்குது. அப்பரோ வந்து போட்டவர்?”

அவர் என் கையைப் பிடித்து வேலிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “மெல்லக் கதையுங்கோ. உள்ளுக்கு மாப்பிள்ளை பகுதி இருக்கினம்.”

நான் வாயை மூடிக்கொண்டு, கரிக்கு ஏற்ற பம்பைக் கொடுத்தேன். அது இன்றும் ஓடுகிறது. கலியாணமும் நடந்தது.

பிறகுதான் நான் பம்ப் விற்றுக் கொடுக்கும் கம்பனி எனக்கு ‘டப்’ என்ற, பெரிய கைத்தொலைபேசி போன்ற தட்டைக் கருவியைத் தந்தது. ஒவ்வொரு கிணற்றடியிலும் நின்று இடம், ஆழம், கோடைத் தண்ணீர், படம் எல்லாம் அதில் பதிய வேண்டும். பம்ப் விற்க என் வாய் போதுமே, இது எதற்கு என்று அன்றைக்கே மனதில் இடித்தது. ஒருநாள் கம்பனிக் கந்தோரில் இருந்து தொலைபேசியில் கேட்டார்கள், பரந்தனில் ஏன் ஒரு மணித்தியாலம் நின்றீர்கள் என்று. மோட்டார் சைக்கிள் ரயருக்குக் காற்றுப் போய் நான் நின்றது இவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அதைச் சீலைப் பைக்குள் குப்புறப் போட்டுக் கட்டித்தான் கொண்டு திரிந்தேன்.

“இஞ்சாருங்கோ, அது உங்களைப் பாக்கேல்லை. நீங்கள்தான் நெடுக அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்,” என்றார் மனைவி.

அவருக்கு விளங்கவில்லை. கரி பார்க்கும் கண் என்னுடையது. அது கண்டதெல்லாம் அந்தப் பைக்குள் போய், அங்கிருந்து யாருடைய கைக்கோ போகிறது. எனவே மனைவிக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். எங்கள் வளவின் பின்னால் மலசலகூடத்துக்கு வெட்டிய குழியடியில் நின்று, அதையும் கிணறு என்று பதிந்தேன். ஆழம் பதினெட்டு அடி. கோடையிலும் வற்றாது. மற்ற எல்லாப் பதிவும் மெய், அது ஒன்றுதான் பொய்.

இந்த வருடம் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்துக்கு, பம்ப் விற்கும் எங்கள் எல்லாரையும் கம்பனி கூப்பிட்டது. கொழும்பில் இருந்து வந்த மேலாளர் சுவரில் பெரிய வரைபடம் காட்டினார். கிணறு இருக்கும் இடமெல்லாம் புள்ளி. வற்றாதது நீலம், வற்றுவது சிவப்பு. கம்பனியின் நிபுணர் குழு வீடுவீடாகப் போய் அளந்ததாம். என் பெயர் எங்கேயும் இல்லை. நான் எழும்பி, முரசுமோட்டைப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். என் வீட்டுக்குப் பின்னால் நீலப் புள்ளி நின்றது.

“இந்தக் கிணத்தை ஆர் அளந்தது?”

“எங்கள் குழு நேரில் போய் அளந்தது, ஐயா. மிக நல்ல கிணறு.”

“தம்பி, அது என்ர கக்கூஸ் குழி.”

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் எடுத்தது. மேலாளர் சிரிக்கவில்லை. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, பிழையான பதிவை அழித்துத் தாருங்கள், வரைபடம் புத்தகமாக அச்சுக்குப் போகிறது என்று கேட்டார். பதிந்தவனின் டப்பில் இருந்துதான் அதை அழிக்கலாமாம். பதிந்தவன் யார் என்பது இப்போது அவர்களுக்கும் தெரிகிறது.

அழிக்கிறேன். ஆனால் முதற்பக்கத்தில், அந்த நிபுணர் குழுவுக்கு மேலே, கரி பார்த்து இந்தக் கிணறுகளை அளந்தவன் இன்னார் என்று என் முழுப் பெயரையும் போட வேண்டும். சொன்னால் நம்பமாட்டேன். அச்சடித்த அந்த முதற்பக்கத்தைக் கொண்டுவந்து என் கையில் தரவேண்டும். அதுவரைக்கும் அந்த நீலப் புள்ளி அங்கேயே நிற்கும்.