லுக்ஸ் அடித்த மான்

மன்னாரில் பிறந்தவனுக்கு மேடு என்றால் கோயில் படிக்கட்டுத்தான். அப்படிப்பட்ட என்னை ஜெர்மன் அரசாங்கம் கொண்டுபோய்ப் பவேரியாவின் கிழக்கு ஓரத்தில், செக் எல்லையை ஒட்டிய மலைநாட்டில் விட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரில் ஒரு தேவாலயம், ஒரு மரம் அரியும் ஆலை, ஒரு விடுதி. விடுதிக் குசினியில் எனக்கு வேலை. உருளைக்கிழங்கு உரிப்பதில் தொடங்கி சூப் வைப்பது வரை முன்னேறியிருந்தேன். பனியையும் மலையையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வேலை செய்தேன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். திட்டாமல் என்ன செய்வது, காலில் விறைப்பு ஏறினால் வாயில் வேறு என்ன வரும்?

விடுதியின் மேல்மாடி அறையில் ஒரு ஜெர்மன் பெண் இரண்டு பனிக்காலமாகத் தங்கியிருந்தார். நாற்பது வயதிருக்கும். லுக்ஸ் என்ற காட்டுப்பூனையைப் பற்றி ஆராய்வது அவருடைய வேலை. பூனை என்று சும்மா சொல்லிவிட்டேன். பெரிய நாயளவு உயரம், குட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து. பழைய காலத்து ஆட்கள் அந்த மலைகளில் அதை ஒன்று விடாமல் சுட்டு முடித்துவிட்டார்கள். பிறகு எல்லைக்கு அப்பால் சிலவற்றைக் கொண்டுவந்து காட்டில் விட, அவை பெருகி எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தன. சில வருஷம் நல்லாயிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. யார் சுட்டது, யார் நஞ்சு வைத்தது என்று எவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

ஆண் லுக்ஸ் எப்போதாவது எல்லை தாண்டி வந்து போகுமாம்; எங்கள் பள்ளத்தாக்கில் நிலையாக மிஞ்சியது ஒரே ஒரு பெண் லுக்ஸ். அது உயிரோடு இருக்கிறதா, குட்டி போட்டிருக்கிறதா என்பதுதான் அந்த ஆராய்ச்சிப் பெண்ணின் கேள்வி. குட்டி இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் லுக்ஸ் குலம் அதோடு சரி. புதுப்பனி விழுந்த ஒவ்வொரு விடியலிலும் தடம் தேடிப் போவார். மத்தியானம் கடந்து, முழங்கால்வரை நனைந்து, வெறுங்கையோடு திரும்புவார். முதல் பனிக்காலம் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவது பனிக்காலமும் டிசம்பர்வரை வந்துவிட்டது. நான் அவருக்கென்று ஒரு கோப்பை சூப் எடுத்து மூடி வைப்பேன். குளிரில் விரல் மடங்காமல் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதைக் கேட்டதில்லை. வேலைக்கு அலுத்துக்கொள்வதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்த எனக்கு அது பெரிய அதிசயம்.

விடுதியில் ஊர் வேட்டைக்காரர்கள் மாலையில் கூடும் வட்ட மேசை ஒன்று இருந்தது. அந்த மேசைக்கு அவர்தான் பொழுதுபோக்கு. "இண்டைக்காவது பூனை காலை வணக்கம் சொன்னதோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் பேசியது ஜெர்மன். என் காதுக்கு எல்லாம் எங்கள் பேச்சாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன். அவரும் சிரித்துவிட்டு மாடிக்குப் போவார். எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, மனைவியின் அண்ணன், என் மச்சான், கெல்சென்கிர்ச்சனிலிருந்து காரில் வந்து இறங்கினார். கை நிறையச் சாமான், வாய் நிறையப் புளுகு, மனம் மட்டும் தங்கம். நத்தாருக்கு முதல்நாள் காலையில் நடக்கப் போனவர், விடுதிக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மச்சான், கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வாரும்!"

போய்ப் பார்த்தால் ஒரு மான். சின்னச் சாதி மான், உடம்பு இன்னும் நன்றாக விறைக்கவில்லை. பனியில் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"எங்க பிடிச்சனீங்கள்?"

"பிடிக்கேல்லை ஐசே. மரத்தடியில பனியும் சருகும் மூடிக் கிடந்தது. கார் அடிச்சு, ஆரோ ஒளிச்சு வச்சிட்டுப் போயிருக்கிறாங்கள். மான் வத்தல் திண்டு எத்தினை வருசம்!"

மனைவி வெளியே வந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணை, உங்களுக்கு விசரோ? இஞ்ச மானுக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். பொலிஸ் வந்தா இவரின்ர விசா என்னாகும்?"

மச்சான் காதில் வாங்கினால்தானே. நானும் மனைவியும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பின்தொடையை வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பிரட்டி முடித்துவிட்டார். மற்றத் தொடைக்காக மானைப் புரட்டியபோதுதான் நான் கழுத்தைப் பார்த்தேன். தொண்டையில் சிறிய பல் ஓட்டைகள், வேறு காயம் இல்லை. வயிறு கிழிபடவில்லை. அந்தத் தொடையில் மட்டும் கொஞ்ச இறைச்சி சுத்தமாகத் தின்னப்பட்டிருந்தது. லுக்ஸ் இப்படித்தான் தொண்டையில் கடிக்கும், தொடையில் தொடங்கும், மிச்சத்தை மூடி வைத்துவிட்டு அடுத்த இரவுகளிலும் வந்து தின்னும் என்று சூப் குடித்துக்கொண்டே அந்த ஆராய்ச்சிப் பெண் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இரண்டு பனிக்காலமாக அவர் தேடியது இப்படி ஒரு மானைத்தான். அதற்கு இங்கே மிளகாய்த்தூள் போட்டாயிற்று.

எனக்கு அழுகையும் வந்தது, மச்சானைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் விடுதி மாடிப்படி ஏறி ஓடி அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தேன்.

அவர் வந்து மானுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். தொண்டை மயிரை விலக்கிப் பார்த்தார். பிறகு மிளகாய் பூசிய தொடையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நியாயம்.

"எங்கயிருந்து எடுத்தது எண்டு சரியாக் காட்ட ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

மச்சானுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகம் கறுத்துப்போய், "ஓம், ஓம், காட்டுறன்" என்றார். தொடையையும் கழுவித் தரட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். லுக்ஸ் உறைப்புத் தின்னுமோ எண்டு எனக்குத் தெரியாது. அந்த ஆராய்ச்சியை வேற ஆரும் செய்யட்டும்" என்றார் அவர். அந்த நேரத்திலும் ஒரு மனுஷிக்குப் பகிடி வருகிறது பாருங்கள்! அந்தத் தொடை கடைசியில் என்ன ஆனது என்பதை நான் எழுதப் போவதில்லை.

சறுக்குவண்டியில் மானைக் கட்டி இழுத்துக்கொண்டு மூன்று பேரும் மலை ஏறினோம். அவர் முன்னுக்கு, மச்சான் நடுவில், நான் வழக்கம்போல மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில். ஊசியிலை மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்த இடத்தை மச்சான் காட்டினார். அந்தப் பெண், கிடந்த மாதிரியே, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு மானைக் கிடத்தி, பனியைத் தள்ளி மூடினார். சுற்றியிருந்த தடங்களைக் குனிந்து பார்த்தார். மச்சானின் சப்பாத்தும் மானை இழுத்த கோடும் எல்லாவற்றையும் அழித்திருந்தன.

"வருமோ?" என்று கேட்டேன்.

"மனுசர் தொட்டதை அது மணந்து கண்டுபிடிக்கும். பசி பெரிசெண்டா வரும். குட்டி இருந்தா பசியும் பெரிசாத்தான் இருக்கும்."

அன்றைக்கு இரவுப் பூசையில் மச்சான் முழங்காலில் நின்ற நேரத்தைப் பார்த்தால், பாலன் பிறப்பதைவிட அந்தப் பூனை வருவதற்குத்தான் மன்றாடியிருப்பார். வெளியே மெல்லிய பனி விழுந்துகொண்டிருந்தது.

காலையில் அந்தப் பெண் எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். மரம் தெரியும் தூரத்தில் எங்களை நிறுத்திவிட்டுத் தனியே நடந்தார். நெடுநேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

மான் பாதியாகியிருந்தது. அதைச் சுற்றி வட்ட வட்டமான தடங்கள், நகம் பதியாத பெரிய பாதம். அதன் பக்கத்தில் சின்னப் பாதங்கள். அவை ஒன்றல்ல, இரண்டு குட்டிகளுடையவை. ஒரு சின்னச் சரிவில் அவை இரண்டும் சறுக்கி விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி சறுக்கி விளையாடியிருந்த அடையாளம் பனியில் அப்படியே இருந்தது. மலையைத் திட்டிக்கொண்டே திரிந்த நான் குனிந்து அந்தச் சறுக்கல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அந்த நாட்டில் அதுவரை வந்ததில்லை.

அவர் கையுறையைக் கழற்றி, சின்னத் தடம் ஒன்றின் பக்கத்தில் வெறுங்கையை வைத்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கொஞ்சம் கழித்து எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"இதை ஊரில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்ர மேலிடத்துக்கு நான் சொல்லுவன். இஞ்ச ஒருத்தருக்கும் வேண்டாம். இல்லையெண்டு நினைக்கிறதை ஒருத்தரும் தேடிச் சுட மாட்டினம்."

மச்சான் நெஞ்சில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். அவரால் ஒரு கதையை அடக்கி வைக்க முடியும் என்று நான் துளியும் நம்பவில்லை.

நத்தாருக்கு அடுத்த நாள் மாலை விடுதி நிரம்பி வழிந்தது. வட்ட மேசையில் எல்லோரும் இருந்தார்கள். மச்சான் எனக்கு உதவி செய்கிறேன் என்று கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் சாப்பிடக் கீழே இறங்கி வந்தார். பெரிய மீசைக்காரர் ஒருவர் மேசையிலிருந்தே கேட்டார்.

"என்ன, உங்கட பூனை முடிஞ்சுதோ?"

கூடம் முழுவதும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பனிக்காலமாக அந்த ஆட்கள் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கெல்லாம் பதில் அவர் வாயில் இருந்தது. இரண்டே சொல் போதும்.

"அப்பிடித்தான் போல" என்றார்.

மேசை அதிரச் சிரித்தார்கள். மீசைக்காரருக்கு இரக்கம் பிறந்து, செத்துப்போன பூனையின் நினைவாக என்று எல்லோருக்கும் ஆளுக்கொரு சிறு கிளாஸ் சாராயம் கொண்டுவரச் சொன்னார். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். மேசையில் ஒவ்வொருவருக்கும் வைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு முன்னாலும் ஒன்று வைத்தேன். குசினி வாசலில் மச்சான் கழுவிய கோப்பையைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு கழுவிய கோப்பையையே மறுபடி கழுவத் தொடங்கினார்.

அந்தப் பெண் கிளாஸை எடுத்தார். எழும்பி நின்று, எல்லோரோடும் சேர்ந்து, செத்துப்போன லுக்ஸுக்காகக் குடித்தார்.

பனி கரைந்து, குட்டிகள் தாயை விட்டுத் தங்கள் வழி போகும் காலம் வரும்வரை அந்த ஊர் அவரைத் தோற்றுப்போனவர் என்றே நினைத்தது. அவரும் அவர்கள் அப்படி நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.