சுடுதண்ணீர்ப் பக்கத்துத் திருகு

அப்பா மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கலாமா, கூடாதா என்று இரண்டு வருடமாக எங்களுக்குள் நடந்த சண்டை, கடைசியில் ஒரு பாத்ரூம் குழாயில் வந்து நின்றது. அம்மா இறந்த மாதத்திலிருந்தே நான் அவரை வேளச்சேரிக்கு, என் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கையில் ஒரு காரணம் தயாராக இருக்கும். மழை வந்தால் உங்கள் தெருவில் படகுதான் விட வேண்டும் என்பார். பதினொன்றாவது மாடியில் காக்காய்கூட வராது, யாரோடு பேசுவது என்பார். அவருக்கு எழுபத்து நான்கு வயது, இருபது வருடச் சர்க்கரை. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடி. எனக்கு வாய் நீளம், அவருக்குப் பிடிவாதம் நீளம். அதனால் பேச்சு எங்கே தொடங்கினதோ அங்கேயே வந்து முடியும்.

அவருடைய பாத்ரூம் சுவரில் இருந்தது பழைய காலத்து மிக்ஸர். இடது பக்கத் திருகு சுடுதண்ணீருக்கு, வலது பக்கத் திருகு பச்சைத்தண்ணீருக்கு. நடுவில் கீழ்நோக்கி ஒரு குழாய். பக்கத்தில் இருந்த சின்னக் கைப்பிடியைத் திருப்பினால் தண்ணீர் மேலே ஷவருக்குப் போகும். அந்தக் கைப்பிடி உடைந்து வருடக்கணக்காகிவிட்டது. திருகு இரண்டும் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். தரை எந்நேரமும் ஈரமாகவே இருந்து பாசி பிடித்துவிட்டது. சித்திரையில் ஒரு நாள் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கிறார். அதைக்கூட அவர் சொல்லவில்லை. கீழ்வீட்டு அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் கத்திய கத்தலில் அவர் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒப்பந்தம் ஒன்றுக்கு வந்தோம். பாத்ரூமைச் சரிசெய்துவிட்டு, குனியாமல் நிமிராமல் ஷவரில் நின்று குளித்துக்கொண்டால் அவர் இங்கேயே இருக்கலாம். அதற்கு மேல் ஒரு தடவை ஏதாவது நடந்தால், மறுபேச்சில்லாமல் வேளச்சேரி. அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது எனக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான்.

ஆரியகவுடா ரோடு பக்கம் ஒரு குழாய்க் கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப்போனேன். ஒரு சுவர் முழுக்க குழாய். தண்ணீரைத் திறந்து மூடுவதற்கு மனிதன் இத்தனை வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறானா என்று இருந்தது. ஒரே கைப்பிடியை மேலே தூக்கி இடதும் வலதுமாக ஆட்டுகிற மாதிரியில் எனக்கு ஆசை விழுந்தது. ஒரு விரலால் தள்ளினால் போதும். வயசானவர்களுக்கு அதுதான் நல்லது என்று கடைக்காரரும் ஒத்துப் பாடினார்.

அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல சுடுதண்ணிப் பக்கம் மட்டும் தனியா வருமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் அப்டிதான் சார். மே மாசம் முழுக்க அந்தப் பக்கம்தான்."

மெட்ராஸில் வெயில் காலத்தைக் கழிக்காதவர்களுக்கு இது புரியாது. பங்குனி பிறந்துவிட்டால் பச்சைத்தண்ணீர்க் குழாயில் வருவது மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில் நாளெல்லாம் வெந்த தண்ணீர். அதில் சாயங்காலம் ஏழு மணிக்குக்கூடக் கை வைக்க முடியாது. ஆனால் கீசரை நாங்கள் அப்போது போடுவதே இல்லை. கீசருக்குள் வெளிச்சூடு போகாது. அதனால் ராத்திரி அதில் நிரம்பிய தண்ணீர் மறுநாள் முழுக்கக் குளிர்ச்சியாகவே இருக்கும். ஆகவே கோடையில் ஜில்லென்று தண்ணீர் வேண்டுமென்றால் சுடுதண்ணீர்ப் பக்கத்தைத்தான் திறப்போம். எங்கள் வீட்டில் நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இதே வழக்கம். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகவே இடது பக்கம் போகும்.

அப்பா தி.நகரில் ஒரு புடவைக் கடையில் நாற்பது வருடம் நின்றபடியே வேலை பார்த்தவர். உட்கார ஸ்டூல் கிடையாது. முந்தானையைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு திருகையும் தடவி, லேசாகத் திருப்பி, காதைக்கூடக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். கடைசியில் பழைய மாதிரியே இரண்டு திருகு வைத்த மிக்ஸர் ஒன்றை எடுத்தார். அரைச் சுற்றில் திறந்து மூடும், கனமாக இருந்தது. எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் வீட்டுக் குழாய், அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு முறையாவது வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பிளம்பர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்த உடனே அப்பாவை வெளியே அனுப்பிவிட்டேன். தூசி, சத்தம், அதற்கு மேல் அவருடைய யோசனைகள் வேறு. அவர் பார்க்கில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

பழைய மிக்ஸர் கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு டைல் உடைந்தது. ஒருவழியாகக் கழன்றதும் பிளம்பர் என்னைக் கூப்பிட்டு, சுவருக்குள் இருந்த பைப்பின் வாயில் டார்ச் அடித்துக் காட்டினார்.

"பாத்தியாமா, உள்ள இன்னா உப்பு கட்டிகினு கீது. இதுல தண்ணி எப்டி வரும்?"

ஒரு பென்சில் நுழையக்கூட இடமில்லை. மற்றதெல்லாம் கல்லாகிப்போன உப்பு. இவ்வளவு நாள் இந்த ஓட்டை வழியாகவா அப்பா குளித்துக்கொண்டிருந்தார்? சொட்டுகிற தண்ணீரில் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அங்கே இல்லாத மனிதரைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

பிளம்பர் உப்பைக் குத்திக் குத்தி எடுத்தார். புது மிக்ஸரைப் பொருத்தினார், இணைப்பில் வெள்ளை டேப் சுற்றினார். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. சுடுதண்ணீர்ப் பக்க இணைப்பு சூட்டில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், கீசரைப் போடுங்கள் என்றார். கீசர் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே கதவுக்கு மேலே இருக்கிறது. நான்தான் எட்டிப் போட்டேன். அவர் கை வைத்துப் பார்த்துவிட்டு, கசிவில்லை என்றார். அதற்குள் பழைய பித்தளை மிக்ஸரை அவர் பையில் போடுவதை நான் பார்த்துவிட்டேன். அது யாருக்குச் சொந்தம் என்று வாசலில் நின்று கால்மணி நேரம் வாக்குவாதம். ஒரு வழியாக அதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி உள்ளே வந்து, உடைந்த டைலைப் பெருக்க ஆரம்பித்தேன். கீசர் ஸ்விட்ச்சை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. மே மாதத்தில் அந்த ஸ்விட்ச் எங்கள் கண்ணில் படுவதே கிடையாது.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். வெளியிலிருந்து வந்தால் கால் கழுவாமல் அவர் கூடத்தில் அடி வைக்கமாட்டார். புதுக் குழாயைப் பார்க்கிற ஆசையும் சேர்ந்து நேராகப் பாத்ரூமுக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் சமையலறையில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிப்பா இருக்கு புதுக் குழாய்?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"நல்லா ஜில்லுனு இருக்கும்மா," என்றார். "பானைத் தண்ணி மாதிரி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் அப்பாவுக்கு நல்லது செய்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். கால் கழுவ இவ்வளவு நேரமா என்று தோன்றி, பாலை இறக்கி வைத்துவிட்டுப் பாத்ரூம் பக்கம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, குழாய்க்குக் கீழே ஒரு காலை மற்றொரு காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கால்களைச் சுற்றிப் புகை. இரண்டு பாதமும் வெந்த இறாலின் நிறத்தில் சிவந்திருந்தன. அவர் முகத்தில் வலியின் சுவடே இல்லை. என்னைப் பார்த்து, குழாய் நன்றாக அமைந்துவிட்டது என்கிற மாதிரிச் சிரித்தார்.

பாய்ந்து போய்த் திருகை மூடினேன். தெறித்த தண்ணீர் பட்டு என் மணிக்கட்டு பொரிந்தது. அப்போதுதான் அவர் என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் சிரிப்பு போன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மட்டும் புத்திக்கு எட்டியது. வலது பக்கத்தைத் திறந்தால் மொட்டைமாடி வெந்நீர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. ஓடிப்போய்க் குடிதண்ணீர்க் கேனை இழுத்துவந்து, அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, அந்தக் கேன் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கால்களில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அவர் பார்த்துக்கொண்டிருந்தார், யார் காலிலோ யாரோ ஊற்றுவது போல.

"எவ்வளவு நாளாப்பா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அம்மா இருக்கும்போதே," என்றார்.

போன தீபாவளிக்கு ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகக் கடையிலிருந்து திரும்பி வந்தார். எங்கே கழன்றது என்றே தெரியவில்லை என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அதைப் பிள்ளைகளிடம் நடித்துக்கூடக் காட்டினேன். சர்க்கரையில் கால் மரத்துப்போன மனிதர் பாசி பிடித்த தரையில் நின்று குளித்திருக்கிறார், இரண்டு மாடி ஏறி இறங்கியிருக்கிறார். சொன்னால் வேளச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார். நியாயம்தான், இழுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். இத்தனைக்கும் அவர் கால்களைச் சுட்டது நான் அணைக்காமல் விட்ட கீசர்.

ஆட்டோ வைத்துத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மாள் புண்ணுக்கு மருந்து போட்டார். மேல்பாதம் இரண்டிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. மருந்து போடும்போதும் அப்பா முகம் சுளிக்கவில்லை. டாக்டர் அதைக் கவனித்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உள்ளங்காலில் நான் தொடும்போதெல்லாம் 'தெரியுது' என்று சொல்லுங்கள் என்றார்.

அப்பா கண்ணை மூடினார். நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் எதற்காகப் பரீட்சை எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது.

கட்டைவிரலைத் தொட்டார். "தெரியுது," என்றார் அப்பா. குதிகாலைத் தொட்டபோது பதில் வரவில்லை. இழையை எடுத்த பிறகு, "தெரியுது," என்றார். டாக்டர் இன்னும் இரண்டு இடம் தொட்டார். பிறகு இழையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெரியுது," என்றார் அப்பா.

யாரும் அசையவில்லை.

"இப்பவும் தெரியுது டாக்டர். நல்லாத் தெரியுது."

சாயம் போகாதும்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க என்று கடையில் சொல்வாரே, அந்தக் குரல். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. எங்கள் மௌனம் நீண்டுவிட்டதோ என்னவோ, அவர் கண்ணைத் திறந்தார். டாக்டருடைய கட்டிய கைகளைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த இழையைப் பார்த்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. டாக்டர் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தார், அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"பாப்பா," என்றார், என்னைப் பார்க்காமல். "வேளச்சேரில எனக்கு எந்த ரூம்?"

இரண்டு வருடமாக அவர் வாயிலிருந்து நான் வரவழைக்கப் பார்த்த வார்த்தை அது. பால்கனிப் பக்கத்து ரூம்ப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் குனிந்து அவர் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன்.