காலண்டரில் இல்லாத பாப்பரசர்

என் தம்பி பிழைத்துக்கொண்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் கடைசிவரை பதைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பதைத்ததே போதும்.

ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்த பெயர் கிளேத்து. பிள்ளை பிறந்த நாளில் கோயில் காலண்டரில் எந்தப் புனிதர், எங்கள் பேச்சில் அர்ச்சியசிஷ்டர், இருக்கிறாரோ அவர் பெயரை வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவன் பிறந்தது ஏப்ரல் இருபத்தாறு. ஒரு நாள் முந்தியிருந்தால் மாற்கு ஆகியிருப்பான், யாரும் கேலி செய்திருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவனைக் கிளி என்றார்கள், சில நாள் இங்கிலீஷில் ‘கிளாத்’ என்று இழுத்துத் துணிக்கடை என்றார்கள்.

அந்தப் பெயருக்குரிய பாப்பரசரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இயேசுவின் தலைமைச் சீடர் இராயப்பருக்குப் பிறகு ரோமையில் திருச்சபையை நடத்திய இரண்டாவது ஆள். வேதத்துக்காக உயிரைக் கொடுத்தார். இராயப்பரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள் என்பார்கள். அற்புதம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. கும்பிடச் சுரூபம் கிடையாது, தேர் கிடையாது. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நிற்கிற தாம்பரத்தில் இவருக்கு ஒரே ஒரு பக்தை இருந்தாள், என் அம்மா. வருஷா வருஷம் அந்த நாளில் பாயசம் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவாள். எதிர்வீட்டுப் புராட்டஸ்டண்ட் டீச்சர் அதைக் குடித்துவிட்டு, அர்ச்சியசிஷ்டர்களை வேண்டிக்கொள்வது பைபிளில் இல்லையே என்பார். பாயசமும்தான் பைபிளில் இல்லை என்று நான் சொல்வேன்.

தம்பி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இருமல் வந்தது. பிறகு இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள், சானடோரியத்தில் சேர்த்தோம். ஊசி, மாத்திரை, முட்டை, பால் என்று மாதங்கள் ஓடின. அப்பா இல்லாத வீடு. நான் பரங்கிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். அம்மா தினமும் தன் பாப்பரசரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது வருஷக் காலண்டர் வந்தது. ரோமையில் திருநாட்களைத் திருத்தி, ஆதிகாலப் பாப்பரசர்கள் பலருடைய நாட்களை எடுத்துவிட்டிருந்தார்கள். ஏப்ரல் இருபத்தாறு வெறும் கட்டமாக இருந்தது. அம்மா பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாடி?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. மகனுக்காகப் பரலோகத்தில் பரிந்து பேச இருந்த ஒரே ஆளுக்கு இடம் போய்விட்டது என்று அவள் நம்பினாள். பக்கத்து வீட்டு அக்கா குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். சித்தி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். அம்மா யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. இத்தனை வருஷம் கும்பிட்டவரை, அவருக்கு ஒரு கஷ்டம் என்றதும் விட்டுவிட்டு வேறு இடம் ஓடுவதா என்றாள். ஆனால் சோறு இறங்கவில்லை அவளுக்கு. தம்பிக்கு விஷயம் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அவனுக்கோ எனக்கு முன்பே தெரிந்திருந்தது. வார்டில் யாரோ கொடுத்த பத்திரிகையில் படித்திருக்கிறான். "நம்ம ஆள் டிஸ்மிஸ் போல. அம்மாகிட்ட சொல்லாதே" என்று சிரித்தான். எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நேராகக் கோயிலுக்குப் போய், பங்குச் சாமியாரைப் பிடித்துக்கொண்டேன். ரோமையில் உட்கார்ந்து பெயரை அடிக்கிறவர்களுக்கு, அந்தப் பெயரில் இங்கே ஒரு பையன் படுத்துக் கிடப்பது தெரியுமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்கச் சொல் என்றார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எரிச்சலோடு திரும்பினேன்.

லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சாமியார் பூசையின் நடுவில் எப்போதும் சுருக்கமான ஜெபத்தைத்தான் சொல்வார். அந்த ஞாயிறு நீளமான பழைய ஜெபத்தை எடுத்தார். பின்னால் ஒருவர் பொறுமையில்லாமல் செருமினார். சாமியார் அவசரப்படவில்லை. அப்போஸ்தலர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு பாப்பரசர்களுக்கு வந்து, லீனுஸ் என்றார். அடுத்து, சத்தமாக, கிளேத்து என்றார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்துவிடும்போல் இருந்தது.

பூசை முடிந்ததும் அவரே எங்களிடம் வந்தார். காலண்டரில் போனது திருநாள் மட்டும்தான், ஆள் இருந்த இடத்தில்தான் இருக்கிறார் என்றார். நூற்றாண்டுக் கணக்காக அந்த ஜெபத்தில் அவர் பெயர் உண்டு. லத்தீன் காலத்தில் குருக்கள் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை வாய்க்குள்ளேயே சொல்லிவிடுவார்கள், அதனால் யார் காதிலும் விழுந்ததில்லை.

"அப்போ என் காதுல விழாத நாள்லயும் அவரைக் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாங்களா, சாமி?"

ஆமாம் என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அங்கிருந்து நேராகச் சானடோரியத்துக்குப் போனோம். அம்மா கட்டிலருகே போய் நின்றதும் நிற்காததுமாக, இன்றைக்குப் பூசையில் உன் பெயரைச் சொன்னார்கள் என்றாள். காலண்டர் விஷயத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டாள். தம்பி ஏதாவது ஜோக் அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் அடிக்கவில்லை. போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"எனக்குன்னு இருந்த ஒருத்தரும் போயிட்டாரு, நான் இனிமே பிழைக்கமாட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேம்மா" என்றான்.

அவன் உள்ளுக்குள் அவ்வளவு பயந்திருந்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா, "வாய மூடு. காலேஜுக்குப் போற வழியப் பாரு" என்று அதட்டினாள். அவன் படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்மா அவனை ஒரு தடவைகூட அதட்டியதில்லை. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது, என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டான்.