பதினாறு வருஷப் பனி அனுபவஸ்தன்

போன வாரம் டெக்ஸஸில் பனி கொட்டியது. நியூஸில் பார்த்திருப்பீர்கள். டாலஸ் பக்கம் ஸ்கூல், ஆபீஸ், கடை எல்லாவற்றுக்கும் லீவு.

எனக்கு ஒரே சிரிப்பு. அந்த அளவுப் பனிக்கு எங்கள் மான்மவுத் ஜங்ஷனில் ஸ்கூல் பஸ்கூடத் தாமதமாக வராது. பதினாறு வருஷமாக நியூ ஜெர்சியில் பனி அள்ளி அள்ளி இடுப்பு போனவன் அல்லவா நான்?

சித்தப்பா மகள் ரேவதி டாலஸ் பக்கம்தான் இருக்கிறாள். கணவர் சென்னை போயிருந்தார். இரண்டு குழந்தைகளோடு தனியாக இருந்தவள், மத்தியானம் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, பக்கத்து வீட்டுல எல்லாம் குழாயை லேசா சொட்ட விடறாங்க. இல்லன்னா பைப் ஃப்ரீஸ் ஆயிடுமாம். நானும் விடட்டா?"

"சும்மா பயமுறுத்தறாங்கம்மா. நான் ஒரு நாள்கூட அப்படித் தொறந்து வச்சதில்ல. நல்லா இறுக்கி மூடிட்டு, ஹீட்டரைப் போட்டுட்டுத் தூங்கு."

"நிஜமாவாண்ணா?"

"ஸ்னோ பத்தி எங்கிட்டயே டவுட்டா?"

இதை எழுதும்போதே கை கூசுகிறது.

மறுநாள் காலை குழந்தைகள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேலே கூரைக்கடியில் அட்டிக்கில் உறைந்த குழாய் வெடித்தது. குழந்தைகள் அறையின் சீலிங் அப்படியே கட்டில்மேல் விழுந்தது. ஒரு மணி நேரம் முன்னால் விழுந்திருந்தால்...?

பிறகுதான் விசாரித்தேன். எங்கள் ஊர் வீடுகளில் குழாய் தரைக்குக் கீழே பேஸ்மென்ட்டில், கதகதப்பாக ஓடுகிறது. அங்கே பேஸ்மென்ட்டே கிடையாது. வெயிலை நினைத்துக் கட்டிய வீடு. குழாய் குளிரடிக்கும் அட்டிக்கில். பனி ஒன்றுதான், வீடு வேறு! கலிஃபோர்னியா டப்ளினில் இருக்கும் என் மச்சானுக்குப் பனி என்றால் நாலு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போய் செல்ஃபி எடுக்கிற சமாச்சாரம். அவனைக் கேட்டிருந்தால் "தெரியலையே" என்றிருப்பான். ரேவதி வீடு தப்பித்திருக்கும்.

இதுவரை என் முட்டாள்தனம். இனிமேல்தான் அசிங்கம்.

இரண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸப் குழுவில் ரேவதியின் மாமியார் எழுதினார்: "குழாயைத் தொறந்து வைக்கணும்னு தெரியாதா? நாலு நாள் வீட்டைப் பாத்துக்க முடியலையா உனக்கு?"

'நான்தான் மூடச் சொன்னேன்' என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். முப்பது பேர் பார்க்கிற குழு... பனிக்கு அத்தாரிட்டி என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறேனே!

அதற்குள் ரேவதி எழுதிவிட்டாள்: "மறந்துட்டேன் அத்தை. என் தப்புதான்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆமாம், அப்பாடா! அதோடு விட்டேனா? பெரிய மனுஷன் மாதிரி நானும் எழுதினேன்: "பரவால்லம்மா. இனிமே கவனமா இரு."

அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ரேவதி "சரிண்ணா" என்று போட்டாள். அவ்வளவுதான். தனியாகக்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பின்னால் நின்று படித்த என் மனைவி கேட்டாள்: "வெக்கமா இல்ல?"

இருக்கிறது. குழுவில் எழுத வராத கை, வாராவாரம் இங்கே எழுதிப் பழகிய கை. அந்த முப்பது பேரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள்தான்.

சம்பந்தியம்மா, உங்கள் மருமகள் எதையும் மறக்கவில்லை. நான்தான் மூடச் சொன்னேன்.