வெள்ளிக்கிழமை கடைசி பீரியடும் கோமதியின் வயிற்றுவலியும்

உடம்பு சரியில்லை என்றாலும் வயிற்றுவலி என்றுதான் லீவு லெட்டர் வரும், மனசு சரியில்லை என்றாலும் வயிற்றுவலி என்றுதான் வரும்; பிள்ளைகளுக்கு மனநலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த லெட்டரைத்தான். தொண்ணூறுகளின் நடுவில் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். இந்த மனநலப் பாடத்துக்காக மதுரையில் பத்து நாள் பயிற்சி, யாராவது ஒருவர் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு லீவில் இருந்தவள் நான் என்பதால் என் பெயரை எழுதிவிட்டார்கள். இப்படி மாட்டிக்கொண்ட டீச்சர்கள் உங்களிலும் இருப்பார்கள், அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசி பீரியடு

பயிற்சி முடிந்து வந்ததும் எட்மாஸ்டர் எனக்கு ஒன்பதாம் வகுப்பின் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைத் தந்தார். அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். அதற்குள் பலன் தெரியாவிட்டால் பீரியடு கணக்கு சாருக்குப் போய்விடும்.

அந்த வகுப்பில் கோமதி என்று ஒரு பெண். கணக்கு டெஸ்ட் என்றால் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும், பின்னாலேயே லெட்டரும் வரும். காலாண்டில் கணக்குப் பரீட்சை எழுதவே இல்லை. அரைப்பரீட்சையிலும் இப்படி என்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். அவளை எப்படியாவது பரீட்சைக்கு உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அதைக் கணக்கு சார் சங்கரலிங்கத்திடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "கணக்கு வரலைன்னுதான டீச்சர் வயிறு வலிக்கு? அந்தப் பீரியடையும் எங்கிட்ட தந்துட்டா வலி நின்னுரும்லா!"

மூச்சு

முதல் பாடம் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடி, நாலு எண்ணி இழுத்து, நாலு எண்ணி விட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மேலே ஒரே ஒரு ஃபேன், அதுவும் மனசு வைத்தால்தான் சுற்றும். ஐந்தே நிமிடத்தில் பாதி வகுப்பு நிஜமாகவே தூங்கிவிட்டது. அந்த வழியாக வந்த எட்மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் நடந்து போனார். இருபது வருஷ சர்வீசில் ஒன்பதாம் வகுப்பு இப்படி அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லையாம்.

முன் பெஞ்சு இசக்கி பெரிய கோபக்காரன். கோபம் குறைந்ததா என்று ஆசையாகக் கேட்டேன். "கோவம் போயிட்டு டீச்சர். அந்த எடத்துல பசி வந்து உக்காந்துட்டு."

லேத்துப் பட்டறை

சண்டை போடாமல், மனசில் இருப்பதை வீட்டில் சொல்லிப் பாருங்கள் என்று ஒரு வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தேன். செய்தவன் இசக்கி ஒருவன்தான். அவன் அப்பா பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். "நீங்க கத்தும்போது எனக்குப் பயமா இருக்குப்பா" என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். மறுவாரம் அவர் கை முழுக்கக் கிரீஸோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார். நாலு எண்ணி மூச்சை இழுத்தேன், விட மறந்துவிட்டேன்.

"பய சொன்னது சுருக்குன்னு தச்சிட்டு டீச்சரம்மா. அன்னையில இருந்து பைய பேசுதேன். ஆனா பட்டறையிலயும் அதே பழக்கம் வந்துட்டு. லேத்து சத்தத்துல நான் சொல்லுதது ஒருத்தனுக்கும் கேக்கல. கத்துததுக்கும் ஒரு பாடம் இருந்தா சொல்லுங்க."

கவலைப் பெட்டி

கவலையைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் டப்பாவின் மூடியில் துளை போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று எட்மாஸ்டர் மேசைமேல் வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மூன்றே சீட்டு. மூன்றிலும், "எனக்குக் கவலை ஏதும் இல்லை. எட்மாஸ்டர் மிகவும் நல்லவர்."

டப்பாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றினேன். அடுத்த வாரம் நிரம்பி வழிந்தது. பிரித்தால், அத்தனையும் ஒரே கையெழுத்து. நோட்டுத் திருத்துகிற எனக்கு எல்லார் எழுத்தும் தெரியும் என்பதால், பிள்ளைகள் கோமதியைப் பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பின் கவலை முழுவதும் அந்தப் பெண்ணின் கையால் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. உன்னுடையது எங்கே என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எல்லாருக்கும் எழுதி முடிக்கதுக்குள்ள பெல்லு அடிச்சிட்டு டீச்சர்."

சிவப்பு மை

அதற்கடுத்த வாரம் சிவப்பு மையில் ஒரு சீட்டு. "நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். இதற்குப் பயிற்சி உண்டா?" பெயர் இல்லை. ஆனால் எந்தப் பிள்ளை சிவப்பு மையில் எழுதும்? அந்தச் சாய்வெழுத்தை நான் கணக்கு மார்க் லிஸ்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், வகுப்பைக் கட்டுப்படுத்த ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி சங்கரலிங்கம் சாரைக் கூப்பிட்டேன். கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். அன்றைக்கு மூச்சுப் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு பயத்தைச் சொல்ல வேண்டும். முறை அவரிடம் வந்ததும் வகுப்பே பின்னால் திரும்பிப் பார்த்தது. சார் எழுந்து நின்றார். அவர் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்துவிட்டவள் கோமதி.

"வேலைக்கு வந்த மொத நாளு பயத்துல போர்டுல ரெண்டும் மூணும் ஆறுன்னு எழுதிட்டேன். இன்னைக்கும் கூட்டல் போட்டா ஒரு தடவ வெரலு விட்டுப் பாத்துக்கிடுவேன்."

அரைப்பரீட்சை

கணக்குப் பரீட்சை அன்று ஹாலில் நான் மேற்பார்வை. கோமதி வந்துவிட்டாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அந்த நேரம் பார்த்து, பிள்ளைகளின் சந்தேகத்தைத் தீர்க்க சங்கரலிங்கம் சார் உள்ளே வந்தார். நேராக அவள் பெஞ்சுக்குப் போனார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவள் பக்கத்தில் நின்று நாலு எண்ணி மூச்சை இழுத்தார். கோமதியும் இழுத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

நாற்பத்தொன்று வாங்கினாள். தேறிவிட்டாள். வலி வரவில்லையா என்று கேட்டேன். "வந்துட்டு டீச்சர். ஓரமா உக்காருன்னு சொல்லிட்டு எழுதுனேன்."

அந்தப் பீரியடை எட்மாஸ்டர் எனக்கே விட்டுவிட்டார். ஆனால் சங்கரலிங்கம் சார் வாராவாரம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டதால், அது கடைசியில் யாருக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.