ராமையா அண்ணன் கடையில் தொங்கிய பொய்முடிக்காரர்

இல்லை, ராமையா அண்ணன் வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர் இல்லை. நேற்றும் படிப்பகத்தில் ஒருவர் அப்படித்தானே என்று கேட்டார். அதனால்தான் இங்கே சுவரில் ஒட்டும் நம் கையெழுத்துப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன்.

அன்னவாசலில் அக்காள் வீட்டில் இருந்தேன். கரி வாயுவில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, "ஒங்க கண்ணாடிக் கடை அண்ணன் ஆஸ்பத்திரியில தவறிப் போயிட்டாருப்பா" என்றார். அடுத்த நிமிஷம் விசில் ஊதிவிட்டார்.

காலேஜை விட்டுவிட்டு ஊர் சுற்றிய என்னை, படங்களுக்குச் சட்டம் போடும் வேலையில் சேர்த்துக்கொண்டவர் ராமையா அண்ணன். ஒருநாள் கண்ணாடி உடைந்த கிருஷ்ணர் படம் ஒன்றைப் பிரித்தோம். பின்னால் முட்டுக்கொடுத்திருந்த தடித்த காகிதத்தில் பொய்முடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி அச்சடித்த பழைய படம்.

"யாருப்பா இந்த ஆளு? வெளக்கெண்ண குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்கான்."

அடியிலிருந்த பெயரைப் படித்தேன். காலேஜில் படித்ததில் அவர் கதை மட்டும் நினைவிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் இங்கே அடித்த கொள்ளையை அவர்கள் பார்லிமெண்டிலேயே நாள்கணக்கில் பேசியவர். கடைசியில் தோற்றவர். அதே காலத்தில் நம் சமஸ்தானம் கும்பினிப் படைக்கு ஆளும் அரிசியும் அனுப்பிக்கொண்டிருந்தது.

அண்ணன் காகிதத்தின் தூசியைத் துடைத்தார். "நாம கும்பினிக்குச் சோறு போட்டோம், அவன் கேள்வி கேட்டானா? அப்ப மாட்டு" என்றார்.

'வெள்ளையனே வெளியேறு' என்ற தலைவர்களைச் சிறையில் போட்ட வாரம் ஊர்வலம் கடை வாசலில் நின்றது.

"அந்த வெள்ளைக்காரன எறக்குங்கண்ணே."

"இவன் கும்பினிய எதுத்தவன்டா."

"அப்ப ஒங்க மாமனா?"

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "மாமனா இருந்தா சீருசெனத்தி குடுத்திருப்பான்ல" என்றபடி படத்தை மறைத்து நின்றார். நானும் விளக்கிக் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. கல் வந்தது. உடைந்த கண்ணாடி அவர் முழங்கையில் இறங்கியது.

"கண்ணாடிக் கடையில இதெல்லாம் ஒரு காயமா?" என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். புண்ணில் ரணஜன்னி கண்டுவிட்டது. நான் ஊரில் இல்லாதபோது தாடை இறுகி, பேச்சு நின்று, செத்துப்போனார். தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்க்கவில்லை. பாடை தூக்க ஆள் தேடினோம்.

இன்று கருமாதி. ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் சட்டம் போட்டவருக்கு ஒரு போட்டோ கிடையாது. வெறும் சட்டம் ஒன்று செய்து கொண்டுபோனேன்.

"இதுக்கு நான் மாலை போட மாட்டேன் தம்பி" என்றார் அண்ணி. "எந்தப் படத்துக்கு முன்னால நின்னாரோ, அதையே மாட்டுங்க."

"ஊரு தப்பாப் பேசும் அண்ணி."

"இப்ப மட்டும் நல்லாவா பேசுது?"

அவருடைய கண்ணாடி வெட்டும் வைரம் என்னிடம் இருக்கிறது. ஊரே சிரித்தபோது தானும் சிரித்துக்கொண்டு விலகாமல் நின்றாரே, அந்த நிற்பும் இருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் பந்தலுக்கு வாருங்கள். பொய்முடிக்காரர் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்கள். ஆணி அடிக்க ஆளில்லாமல் அண்ணி நிற்கிறார். நான் போகிறேன்.